அம்மா வருமானம் காட்டிய கதை

யாரும் கூப்பிடாமல், யாரும் மிரட்டாமல், நோட்டீஸ் எதுவும் வராமல், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் அம்மா தன் வருமானத்தை அறிவிப்பதற்காக வரி அலுவலகத்துக்குப் போனாள். தானாகவே வந்து சம்பாதிப்பதை ஒப்புக்கொள்கிற ஆளை அந்தக் கட்டடம் அதுவரை பார்த்ததில்லை. பகல் காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வழி தவறி வந்துட்டீங்களாம்மா? ஆஸ்பத்திரி அடுத்த தெரு" என்றார்.

அம்மாவுக்கு வழி நன்றாகவே தெரியும். ஐந்து வருடமாக அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியையும் ஏழாம் மாடியையும் அவள்தான் கூட்டித் துடைக்கிறாள். மற்ற மாடிகளுக்கு இன்னும் மூன்று பெண்கள். காலை ஐந்தரைக்குள் உள்ளே போய், எட்டரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு வரும் அதிகாரிகளின் கண்ணில் வாளியோடு யாரும் படக்கூடாது என்பது அவளை வேலைக்கு வைத்த காண்டிராக்டரின் முதல் விதி.

இரண்டாவது விதி: முத்திரை குத்திய காகிதம் எது குப்பைக்கூடையில் கிடந்தாலும் அதைக் குப்பையோடு கொட்டக்கூடாது. எடுத்து, நீவி, அந்தந்த மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். எப்போதோ ஏதோ ஒரு உத்தரவு குப்பையோடு போய், காண்டிராக்டருக்கு ஒரு மாத பில் நின்றுபோனதாம்.

மூன்றாவது விதி: சம்பளம் சனிக்கிழமை, கையில், கவரில். கவரில் பெயர் இருக்காது, தேதி இருக்காது, தொகை இருக்காது. ஆனால் கவர் மட்டும் வரி அலுவலகத்தினுடையது. ஸ்டோரிலிருந்து காண்டிராக்டர் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போனது. அதன் மேல் நீல எழுத்தில் அச்சிட்டிருக்கும்: "வருமானத்தை மறைக்காதீர். அது வருங்காலத்தை மறைக்கும்."

இவ்வளவு நாள் மறைந்திருந்த வருங்காலத்தை அம்மா திடீரென்று தேடிப் போனதற்குக் காரணம் ஒரு தாழ்ப்பாள்.

நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஒரு மாடிக்குப் பதினோரு குடும்பம், ஒரு கக்கூஸ். அதன் தாழ்ப்பாள் பிய்ந்து பல வருடம் ஆகிறது. ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் தங்கை, சின்னவள், பதினைந்து வயது. மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். இரண்டு தடவையும் டாக்டர், "தண்ணி நிறையக் குடிக்கணும்" என்று எழுதிக் கொடுத்தார். எங்கே போவது என்று எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகர வீட்டுவசதி அலுவலகம் தொழிலாளர் குடியிருப்புக்கு விண்ணப்பம் கேட்டது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, உள்ளேயே கக்கூஸ், அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். இணைக்க வேண்டிய ஆவணம் ஒன்றே ஒன்று: கடந்த மூன்று வருடத்துக்கு வருமானம் அறிவித்ததற்கான வரி அலுவலகச் சான்று. கடைசி நாள், மாதத்தின் முப்பதாம் தேதி. நாங்கள் கிளம்பியபோது தேதி பத்து.

"உண்மையைச் சொல்லிடலாம்மா. உன் சம்பளத்துக்கு வரியே வராது. அறிவிச்சா போதும், சீட்டு குடுத்துருவாங்க" என்று சொன்னவள் நான்தான். பரம்பரையில் முதல் பட்டதாரி. ஒரு டியூஷன் சென்டரில் வரிச் சட்டம், இரண்டாம் தாள், பாடம் நடத்துகிறேன். இவ்வளவு படித்த பெண் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு என்ன நடக்குமோ அதுதான் எங்களுக்கும் நடந்தது.

முதலில் காண்டிராக்டரிடம் சம்பளச் சீட்டு கேட்டோம். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்கள நான் வேலைக்காரியாவா நினைக்கிறேன்? எங்க வீட்ல ஒருத்தரா நினைக்கிறேன். குடும்பத்துக்குள்ள யாராவது சீட்டு போட்டுக் குடுப்பாங்களா?"

"அப்ப உங்க வீட்டுக்கே குடி வந்துடறோம். கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இருக்குதானே?" என்றேன்.

"பாப்பா கோவக்காரியா வளந்திருச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார்.

அதனால்தான் சீட்டு இல்லாமல், ஐந்து வருடக் கவர்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராகப் போனோம். கீழே கவுண்டரில் விண்ணப்பத்தை வாங்கி, "பெறப்பட்டது" என்று வட்ட முத்திரை குத்தி, மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கும் வரி அலுவலருக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் களிம்பு ஐயா. அவர் குப்பைக்கூடையில் வாரத்துக்கு ஒரு முதுகுவலிக் களிம்பு டியூப் விழும். ஐந்து வருடமாக அம்மா அவரைப் பார்த்ததில்லை; ஆனால் அவர் முதுகை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஏசி குளிரில் வெடவெடத்துக்கொண்டு நின்றோம். அவர் விண்ணப்பத்தைப் படித்தார்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"இங்கதாங்க."

"இங்கன்னா?"

"இந்த ரூம்லதாங்க, ஐயா."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே அவரைத் தவிர வேலை பார்ப்பவர் யாரும் இல்லை. அவரும் அப்போது பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"என்ன வேலை?"

"கூட்டித் துடைக்கறதுங்க. உங்க மேஜை, நாற்காலி, கூடை எல்லாம் நான்தான். முதுகு இப்பத் தேவலையா ஐயா? போன வாரம் ரெண்டு டியூப் ஆயிருச்சே."

அவர் நாற்காலியோடு ஒரு சாண் பின்னால் போனார்.

"இந்த ரூமை யாரும் துடைக்கறதில்லம்மா. அது எப்பவும் சுத்தமாதான் இருக்கும்" என்றார்.

பிறகு கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எங்க கவராச்சே! அரசாங்க எழுதுபொருள். இருநூத்து அறுபது கவர். இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு? வருமானத்தை அப்புறம் பாப்போம். முதல்ல இதுக்குத் தனியா ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க."

"சார், அதுலதான் சம்பளம் குடுத்தாங்க" என்றேன்.

"யாரு குடுத்தா? பேரு இருக்கா? தேதி இருக்கா? யாரோ, என்னைக்கோ, எவ்வளவோ குடுத்தாங்கன்னு வந்து சொன்னா நாங்க நம்பிடணுமா? இங்க பாரும்மா, ரொக்கமா வாங்கறவங்களாலதான் இந்த நாடு இப்படிக் கிடக்கு. வாங்கறவன் வாங்கலைன்னா குடுக்கறவன் எப்படிக் குடுப்பான்? எங்க வீட்ல சமையல் பண்ற அம்மாகிட்டயும் இதத்தான் சொல்றேன். மாசாமாசம் கைல காசக் குடுக்கும்போதெல்லாம் சொல்றேன்."

"அவங்க என்ன சொல்றாங்க சார்?"

"காசை எண்ணிட்டு இருப்பாங்க, காதுல வாங்கறதில்ல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்க?"

"வரிச் சட்டம் பாடம் நடத்தறேன்."

"வெரி குட். சம்பளம் பேங்க்லயா?"

நான் ஏசியைப் பார்த்தேன்.

"கைல, இல்ல?" என்றார் மிகுந்த திருப்தியோடு. அதற்குப் பிறகு அந்த அறையில் எனக்குப் பேச உரிமை இல்லாமல் போனது.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார். பதினாறு பக்கம். தலைப்பு, "வருமானமின்றி உயிர் வாழ்ந்தமைக்கான விளக்கம்". வருமானம் நிரூபிக்கப்படாதவர் இத்தனை வருடம் உயிரோடு இருந்தால், எந்த ஆதாரத்தில் இருந்தார் என்று சொல்ல வேண்டும். சரியான விளக்கம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக அபராதம். அம்மா கவலையோடு கேட்டாள்: "நடுவுல பத்து நாள் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன், ஐயா. அதைக் கழிச்சிக்கலாமா?"

"மருத்துவச் சான்று இருந்தா கழிக்கலாம்" என்றார் களிம்பு ஐயா. "வியாழக்கிழமை வாங்க."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நம்ம விண்ணப்பம் ஐயாவோட குப்பைக்கூடைல கிடந்துச்சுடி. ஃபேன் காத்துல பறந்து விழுந்திருக்கும்போல. முத்திரை இருக்கில்ல? எடுத்து மேஜைல வெச்சிட்டு வந்தேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் சொல்ல மனது வரவில்லை.

புதன்கிழமையும் கிடந்தது. இந்தத் தடவை கசக்கி, உருண்டையாக. "ரொம்பதான் காத்தடிக்குது" என்றாள் அம்மா. பிரித்து, முழங்கையால் நீவி, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். வியாழக்கிழமை நான்காகக் கிழிந்து கிடந்தது. அவர் மேஜையில் இருந்த டேப்பையே எடுத்து ஒட்டி, ஓரமெல்லாம் சரிபார்த்து, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று பதினொரு மணிக்கு நாங்கள் போனபோது களிம்பு ஐயா எழுந்து நின்றார். அதிகாரி ஒருவர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார். மேஜையில் அந்த விண்ணப்பம், டேப் பளபளக்க, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது. அதைத் தொடாமல் பேனா முனையால் சுட்டிக்காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு மேல யாரைத் தெரியும்?"

"மேலயா? ஏழாம் மாடில எல்லாரையும் தெரியும் ஐயா" என்றாள் அம்மா. "யாரு யாரு பேப்பரை அப்படியே போடுவாங்க, யாரு கிழிச்சுப் போடுவாங்க, எல்லாம் தெரியும்."

அவர் முகம் வெளுத்துப்போனது. கைக்குட்டையை எடுத்தார்.

"ஏழாம் மாடில... மேடத்துக்குத் தெரியுமா?"

"அவங்க ரூமுக்கு நான் தினம் போவேனே."

ஒரு தடவை தூக்கிப் போட்ட காகிதம் திரும்பி வந்தால் அது மறதி. இரண்டு தடவை வந்தால் யாரோ கவனிக்கிறார்கள். கிழித்துப் போட்டது ஒட்டிக்கொண்டு வந்தால், கவனிக்கிறவர்கள் கோபமாக இருக்கிறார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் களிம்பு ஐயா கற்ற பாடம் அது. அந்த நிமிடமே விண்ணப்பத்தின் மேல் "மிக அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதி, தன் கையாலேயே ஏழாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. முதுகுவலியை மறந்துவிட்டார்.

ஏழாம் மாடி, துணை ஆணையர் மேடத்துடையது. அம்மா அவருக்கு வைத்த பெயர் ஷீல்டு மேடம். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய பித்தளைக் கேடயம் மாட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, பொடி தடவி, பளபளவென்று துடைத்து வைப்பாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்ததில்லை. இருபத்தி நான்காம் தேதி விசாரணைக்கு எங்களை அங்கே வரச் சொன்னார்கள். உட்கார்ந்ததும் நான் படித்தேன்: "மனித உழைப்பின்றி இயந்திரங்களால் மட்டுமே தூய்மை செய்யப்படும் முதல் அலுவலகம். சிறப்பு விருது."

மேடம், களிம்பு ஐயா, காண்டிராக்டர் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம். ஒரு பெண் குறிப்பு எழுதினாள்.

"எங்க ரெக்கார்டைப் பொறுத்தவரைக்கும்," என்று மேடம் கனிவாக ஆரம்பித்தார், "இந்தக் கட்டடத்தை நாலு தரை துடைக்கும் இயந்திரம் துடைக்குது. இவர்கிட்டேருந்து அஞ்சு வருஷமா வாடகைக்கு எடுத்திருக்கோம். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கு. உங்களுக்கு என்ன நம்பர்?"

அம்மாவுக்கு நம்பர் இல்லை.

"பாத்தீங்களா? தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க இருக்கீங்கன்னு தனிப்பட்ட முறையில நான் நம்பறேன். மனுஷியா எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. ஆனா துறை ரீதியா நீங்க இருக்க முடியாது. நீங்க இருந்தீங்கன்னா அந்த ஷீல்டைத் திருப்பிக் குடுக்கணும்."

காண்டிராக்டர் கை கட்டி எழுந்தார். "மேடம், இந்தம்மாவை நான் என் வாழ்க்கைல பாத்ததே இல்ல."

"தம்பி, சனிக்கிழமைதானே பாத்தோம்?" என்றாள் அம்மா.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்கக்கா!"

குறிப்பு எழுதும் பெண் பேனாவை நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தாள். மேடம் சற்று யோசித்தார். "காண்டிராக்டர் முன்பின் தெரியாத பெண்களையும் மரியாதையாக அழைப்பவர். எழுதிக்கோ."

"மெஷின் எங்க இருக்குன்னு பாத்துடலாமே மேடம்" என்றேன்.

"அது கீழ ஸ்டோர்லதான் இருக்கு" என்றாள் அம்மா. "நாலு பெட்டி. பிரிக்கவே இல்ல. நாலாவது பெட்டி மேலதான் நாங்க டிபன் டப்பா வெப்போம்."

எல்லோரும் காண்டிராக்டரைப் பார்த்தார்கள். அவர் துளியும் அசரவில்லை. "மேடம், அதை ஓட்டினா கரண்டு ஆவும், ரிப்பேர் ஆவும், உதிரி பாகம் வெளியூர்லேருந்து வரணும். அக்காங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல. மேடத்துக்குத் தெரியாததா?"

நிச்சயமாகப் பிடிபட்டார் என்று நினைத்தேன். வரிச் சட்டம் இரண்டாம் தாள் படித்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"அப்படின்னா ஒரு செயல்முறை பரிசோதனை வெச்சிடலாம்" என்றார் மேடம். "இந்த அறையைத் துடைச்சுக் காட்டுங்கம்மா. மனுஷங்க துடைச்சதா, இயந்திரம் துடைச்சதான்னு கமிட்டி முடிவு பண்ணட்டும்."

அம்மா கீழே போய் வாளியும் துணியும் எடுத்து வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேஜைக்கு அடியில் வந்ததும் நிமிர்ந்து, "எல்லாரும் காலைத் தூக்கிக்குங்க" என்றாள். துணை ஆணையர், வரி அலுவலர், காண்டிராக்டர் மூவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். தரை காய்கிற வரைக்கும் கீழே வைக்கக்கூடாது என்றும் சொன்னாள். விசாரணை ஏழு நிமிடம் அந்த நிலையிலேயே நடந்தது. அந்த ஏழு நிமிடத்தில் மேடம் நேர்மையான வரி செலுத்துவோரின் கடமைகளைப் பற்றி எனக்கு விளக்கினார். களிம்பு ஐயாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

தரை காய்ந்தது. மூவரும் குனிந்து அதில் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள்.

"தினமும் இருக்கற மாதிரியேதான் இருக்கு" என்றார் களிம்பு ஐயா.

"தினமும் துடைக்கறது யாரு? ரெக்கார்டுப்படி இயந்திரம்" என்றார் மேடம். "இதுவும் அதே மாதிரி இருக்கு. ஒரு திட்டு இல்ல, ஒரு முடி இல்ல. மனுஷங்களால இவ்வளவு சுத்தமா துடைக்க முடியாது. இது இயந்திர வேலைதான்."

அம்மா கொஞ்சம் மோசமாகத் துடைத்திருந்தால் மனுஷியாகியிருப்பாள். அந்தத் தந்திரம் அவளுக்குத் தெரியாது.

களிம்பு ஐயா கதவைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், அதன் டேப்பைப் பார்த்தார். இதை மறுபடியும் தன் மேஜையில் சந்திக்க அவருக்குத் தெம்பில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "மேடம், ஒரு யோசனை. நாலாவது இயந்திரம் இன்னும் பெட்டியை விட்டே வெளிய வரலை. அந்த இடம் காலியாத்தானே இருக்கு? இவங்களை அதுல பொறுப்பா போட்டுடலாம். வருமானமும் காட்டின மாதிரி இருக்கும், ஷீல்டும் இங்கேயே இருக்கும்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "இயந்திரத்துக்கு வருமான வரி கிடையாது. உயிர் வாழ்ந்ததுக்கு விளக்கமும் தேவையில்ல. அபராதமும் இல்ல. பாத்தீங்களாம்மா, மனசிருந்தா சட்டத்துல இடமிருக்கு! தேய்மானம் மட்டும் கணக்கெடுக்கணும். எந்தப் பாகம் தேஞ்சிருக்கு?"

"வலது முட்டிங்க" என்றாள் அம்மா, கேட்டதற்குப் பதில் சொல்கிறவளாக. "மாடிப்படி ஏறினா கடக்குன்னு சத்தம் வரும்."

"வலது முட்டி, சத்தத்துடன். எழுதிக்கோ."

"தேய்மானச் சலுகை யாருக்கு வரும்?" என்று கேட்டேன். இரண்டாம் தாளில் அது முக்கியமான கேள்வி. வருடா வருடம் வரும்.

"இயந்திரம் யாருதோ அவங்களுக்கு."

"எங்க அம்மா முட்டி தேஞ்சதுக்கு இவருக்கு வரிச் சலுகையா?"

"கரெக்ட்!" என்று மேடம் மேஜையைத் தட்டினார். "படிச்ச பொண்ணுன்னா இதுதான் வித்தியாசம். டக்குனு புரிஞ்சுக்கிட்டா."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியலே இருந்தது. அம்மா ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தேதி இருபத்தி நாலுடி" என்றாள் மெதுவாக. சின்னவளுக்கு மூன்றாவது தடவையாகக் காய்ச்சல்; அன்று காலை அதோடுதான் பள்ளிக்கூடம் போயிருந்தாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

இருபத்தெட்டாம் தேதி சான்று வந்தது. இரண்டு பிரதி: ஒன்று எங்களுக்கு, ஒன்று அலுவலகக் கோப்புக்கு. "தரை துடைக்கும் இயந்திரம் எண் நான்கு, பொறுப்பு. கடந்த மூன்று வருடங்களாகத் தொடர்ந்து இயங்கி வருமானம் ஈட்டியது உறுதி செய்யப்படுகிறது. மொத்த ஆயுள் எட்டு வருடம். கழிந்தது ஐந்து. எஞ்சியது மூன்று. சார்ந்தோர்: மகள்கள் இருவர்."

வீட்டுவசதி அலுவலகத்தில் இருந்த உதவியாளர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாவது தடவையும் படித்தார்.

"இயந்திரமாம்மா?"

"பொறுப்புதாங்க" என்றாள் அம்மா.

"ஓ, பொறுப்பா? அப்பச் சரி." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நானும் பதினோரு வருஷமா இந்த சீட்ல பொறுப்புதாம்மா. நிரந்தரமும் ஆக்க மாட்டான், விடவும் மாட்டான். நம்மளை மாதிரி ஆளுங்க இல்லன்னா எந்த ஆபீஸ் ஓடும் சொல்லுங்க?" முத்திரையைக் குத்தினார். "ஆனா ஒதுக்கீடு இயந்திரத்தோட ஆயுள் வரைக்கும்தான். மூணு வருஷம்."

"அதுக்கு அப்புறம்?" என்றேன்.

"கழிச்சுப் போட்ட பொருள் பட்டியல்ல சேர்த்துடுவாங்க. பழைய இரும்பு விலைக்குப் போகும்."

படியில் இறங்கும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை. அந்தச் சான்றைக் கிழித்து அவர்கள் மூஞ்சியில் எறிய வேண்டும் என்றேன். வழக்குப் போடலாம் என்றேன். அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். வலது முட்டி சத்தம் போட்டது.

"மூணு வருஷத்துல சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சிரும். அது போதும்டி, இப்போதைக்கு" என்றாள். "வழக்கு எங்கேயும் ஓடிடாது. நீ அதுக்குள்ள படிச்சு வெச்சுக்க."

அடுத்த மாதம் குடி போனோம். சின்னவள் சாமான்கள் எதையும் தொடவில்லை. நேராகக் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். பத்துப் பன்னிரண்டு தடவை அந்தச் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, மாலை ஆறு மணிக்கு, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள்.

மறுநாள் காலை அம்மா வேலை முடிந்து புது வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "என்னோட சான்றுக்கு ஆபீஸ் பிரதி ஒண்ணு வெச்சிருந்தாங்கல்ல? ஐயா கூடைல எட்டாக் கிழிஞ்சு கிடந்துச்சுடி. முத்திரை இருந்துச்சு. ஒட்டி மேஜைல வெச்சிட்டு வந்தேன். அந்த ரூம் ஃபேனை மாத்தச் சொல்லணும். ரொம்பத்தான் பறக்குது."

சரி என்றேன். காபித் தண்ணீரை அடுப்பில் வைத்தபிறகுதான் உறைத்தது. அந்த அறையில் நான் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு இரண்டு நாள் நின்றிருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன். அங்கே ஃபேனே கிடையாது. ஐந்து வருடமாக அந்த அறையின் ஒவ்வொரு மூலையையும் துடைத்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா முட்டியில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.